பெரிய பாக்ஸ் வேண்டாம், பக்கத்தில் போய் உட்காருங்கள்

கேள்வி: அண்ணா, நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நாலு பேர் சேர்ந்து ஒன்றரை வருடமாகச் சின்னதாக ஒரு பேண்ட் நடத்துகிறோம். ஒரு அகூஸ்டிக் கிட்டார், ஒரு புல்லாங்குழல், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டுகிற மரப்பெட்டி), நான் பாட்டு. தமிழ், மலையாளம் இரண்டும் பாடுவேன். பாலக்காட்டில் ஒரு காபி கடை, வேலந்தாவளத்தில் ஒரு ரிசப்ஷன், ஒரு காலேஜ் என்று ஏழெட்டு நிகழ்ச்சி ஆகியிருக்கிறது. போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு ரெஸ்டாரண்டில் வாசித்தோம். ஜூஸ் கவுண்டருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும் எங்களுக்குப் பின்னால் சுவரோரம் வைத்திருந்தார்கள். இரண்டாவது பாட்டிலேயே கிட்டார் ஊளையிட ஆரம்பித்தது. முதலாளி வந்து "சவுண்டே பத்தலைங்க, ஏத்துங்க" என்று அவரே மிக்சரில் கை வைத்தார், ஊளை அதிகமாகி ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. சாப்பிட்டவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் பிரியாணி போட்டு அனுப்பிவிட்டார்கள், பணம் இல்லை. பதினைந்து இன்ச் பாக்ஸ் இரண்டு, நல்ல மிக்சர், ரிதம் பேட் (தட்டினால் டிரம் சத்தம் தருகிற எலக்ட்ரானிக் கருவி) வாங்கிவிட்டால் பெரிய நிகழ்ச்சி வரும் என்று எங்கள் கஹோன் பையன் சொல்கிறான். ஒன்றே முக்கால் லட்சம் ஆகும். அம்மா தன் வளையலைக் கழற்றித் தருகிறேன், அடகு வைத்துக்கொள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தங்கச்சி, வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும்.

இருபத்தி ரெண்டு வருடமாக நான் பொள்ளாச்சியில் சவுண்ட் வேலை பார்க்கிறேன். பார்டருக்கு இந்தப் பக்கம் கோயில் திருவிழா, அந்தப் பக்கம் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரி, இரண்டுக்கும் பாக்ஸ் ஏற்றி இறக்கியிருக்கிறேன். பாக்ஸ் வாடகைதான் எனக்குச் சோறு, ஆனாலும் உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், அதில் சத்தம் குறைவாக இருந்ததால் கெட்டுப்போன விஷயம் ஒன்றுகூட இல்லை. மக்கள் தூரத்தில் இருந்தார்கள், நீங்கள் மிக்சி பக்கத்தில் இருந்தீர்கள், பாக்ஸ் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன், இதை உங்கள் கஹோன் தம்பியிடமும் படித்துக் காட்டுங்கள். 500 வாட்டை 1000 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். "கொஞ்சம் ஏத்தினாங்க போல" என்று தோன்றும், அவ்வளவுதான். கேட்கிறவர் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்கானதுபோலத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட்டைப் பத்து மடங்கு ஆக்க வேண்டும். ஆனால் கேட்கிறவருக்கும் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பாதியாக்கினால் திறந்த வெளியில் 6 டெசிபல் காசில்லாமல் கிடைக்கும். அறைக்குள் எதிரொலி கலந்துவிடுவதால் கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது, ஆனாலும் வார்த்தை தெளிவாகக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்குத்தான். மைக்குக்கும் இதே கணக்குதான். நாலு விரல் தள்ளி வைத்துப் பாடுகிற மைக்கை இரண்டு விரலுக்குக் கொண்டுவந்தால் அங்கேயும் ஒரு 6 டெசிபல். ஒன்றே முக்கால் லட்சம் செலவழித்து வாங்கப் பார்ப்பதை நாற்காலியை நகர்த்தியும் மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுவந்தும் வாங்கிவிடலாம் என்றால், அடகுக் கடைப் படியை எதற்கு மிதிக்க வேண்டும்?

ஊளை விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உங்களை மனசு விடச் செய்திருக்கிறது என்று தெரிகிறது. பாக்ஸிலிருந்து வருகிற சத்தம் கிட்டார் உடம்பில் மோதுகிறது, உடம்பு அதிர்கிறது, கிட்டாரில் மைக் மாதிரி இருக்கிற பிக்கப் அந்த அதிர்வை எடுத்துத் திரும்பவும் பாக்ஸுக்கே அனுப்புகிறது, இது சுற்றிச் சுற்றி ஏறுவதுதான் ஊளை. கிட்டார் ஒரு காற்றுப் பெட்டி. துளைக்குள் இருக்கிற காற்று பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், மேல்பலகை 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் தானாகவே அதிர ஆசைப்படும். உங்கள் ஐந்தாம் தந்தி ஏ, சும்மா மீட்டினாலே 110 ஹெர்ட்ஸ். அன்றைக்கு அந்தத் தந்தியைத் தொட்டபோதெல்லாம் ஊளை வந்ததா என்று கிட்டார் வாசிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

இதற்கு மருந்து சின்னது. கிட்டார் துளைக்கு ரப்பர் மூடி விற்கிறார்கள், சில நூறு ரூபாய்தான். அதைப் போட்டாலே பாதி அடங்கும். மிக்சரில் கிட்டார் சேனலில் லோ கட் என்று, அடிச் சத்தத்தை வெட்டுகிற ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள், இன்னும் மிச்சம் இருந்தால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பாக்ஸை உங்களைத் தாண்டி முன்னுக்கு வைக்க வேண்டும், மக்களைப் பார்த்த மாதிரி. உங்கள் மைக் கண்டிப்பாக டைனமிக் மைக்காக இருக்கட்டும், ஷ்யூர் எஸ்எம் 58 மாதிரி முன்பக்கம் மட்டும் கேட்கிற வகை. அதன் பின்பக்கம் காது மந்தம், உங்கள் சத்தம் உங்களுக்கே கேட்பதற்கான மானிட்டர் பாக்ஸ் வைத்தால் அந்தப் பின்பக்கத்துக்கு நேராக வையுங்கள். இத்தனையும் செய்துவிட்டு அன்றைக்கு அந்த முதலாளி கை வைத்த மாதிரி இன்னொருவர் கை வைத்தால் எல்லாம் வீண். உங்களில் ஒருவர்தான் மிக்சரைத் தொட வேண்டும், அது முதலிலேயே பேசி முடித்த விஷயமாக இருக்கட்டும். "சார், ஏத்தினா ஊளை வரும், டேபிளை ரெண்டு அடி இந்தப் பக்கம் போட்டுத் தாங்க" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

கஹோன் தம்பிக்கு ஒரு வார்த்தை. அவர் பேட் கேட்பதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது, தன் வாசிப்பு யாருக்கும் கேட்கவில்லை என்கிற தவிப்பு அது. பெருவில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் வெறும் மரப்பெட்டியைத் தட்டி வாசித்ததிலிருந்து வந்த வாத்தியம் கஹோன். உட்கார்ந்து வாசிக்கிற, ஆட்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கிற வாத்தியம். முப்பது பேர் இருக்கிற அறையில் அதற்கு மைக்கே தேவையில்லை. மைக் வைத்தால் அவர் அடிக்க, நீங்கள் தொண்டையைக் கிழிக்க, கிட்டார் கெயினை ஏற்ற, எல்லாரும் மாறி மாறி ஏறிக்கொண்டே போவீர்கள். ஒரு ஒத்திகை முழுக்க, உங்கள் குரலை மைக் இல்லாமல் அறையின் கடைசிச் சுவரில் நின்று ஒருவர் கேட்கிற அளவுக்கு மற்ற மூன்று பேரும் இறங்கி வாசித்துப் பாருங்கள். முதல் அரை மணி கை பரபரக்கும். அப்புறம் கஹோன் தம்பியே விரல் நுனியில் தட்டுகிற வேலைகளைக் கண்டுபிடிப்பார்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறார். கல்பாத்தியில் வாழ்ந்த மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கை விரும்பாதவர். மைக் வேண்டாம் என்று சொல்லியே கச்சேரி வாசித்தவர். விரலுக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கிற நுணுக்கம் மைக் வழியாகப் போகிறபோது மாறிவிடுகிறது என்பதுதான் அதில் இருக்கிற விஷயம். எல்லாரும் மைக்கைத் தூக்கிப் போட வேண்டும் என்று சவுண்ட்காரன் நான் சொல்ல மாட்டேன். ஆனால் சின்னச் சத்தத்தில்தான் வாத்தியத்தின் குணம் தெரியும் என்பதை கல்பாத்தித் தேர் பார்க்கப் போகிறபோதாவது நீங்கள் நாலு பேரும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மீனாட்சிபுரத்தில் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம். எனக்கு வேலை வாசலில் நாதஸ்வரத்துக்கு இரண்டு மைக் வைப்பது மட்டும்தான். சாயந்தரம் மாடியில் மூன்று பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள், ஒரு கிட்டார், ஒரு வயலின், ஒரு பாட்டு. மேடை இல்லை, ஜமக்காளம் விரித்திருந்தது. பேட்டரியில் ஓடுகிற சின்ன ஆம்ப் ஒன்று, அதையும் பாதிக்குமேல் ஏற்றவில்லை. முதல் பாட்டில் நாற்பது பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பெண் பாட்டை நிறுத்தவில்லை, சத்தத்தைக் கூட்டவும் இல்லை, இன்னும் கொஞ்சம் இறக்கினாள். மாப்பிள்ளையின் பாட்டி ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஜமக்காளத்து ஓரம் வரைக்கும் இழுத்து வந்து போட்டார். அந்தத் தேய்ப்புச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் திரும்பினார்கள், திரும்பினவர்கள் அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கீழே ஒயர் சுற்றிக்கொண்டிருந்த நான் மேலே ஏறி வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு வேண்டிய இடம் அந்த மாதிரி இடம். ஜூஸ் கவுண்டர் ஓரம் இல்லை.

அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் பக்கம் எனக்கே பொறாமையாக இருக்கும் அளவுக்கு இருக்கிறது. கேரளத்தில் ஊருக்கு ஊர் வாயனசாலை, அதாவது படிப்பகம், இருக்கிறது, பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய கிரந்தசாலை சங்கத்தின் வழி வந்த வழக்கம் அது. ஜூன் 19 வாசிப்பு நாள், அதை ஒட்டி நிகழ்ச்சி வைக்க ஆள் தேடுவார்கள். ஐம்பது நாற்காலி, ஒரு சின்ன ஹால், கேட்பதற்கென்றே வருகிற ஆட்கள். காசு பெரிதாக வராது, ஆனால் அங்கே ஒருமுறை நன்றாக வாசித்தால் அதே ஊரில் நாலு வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள். ஓணத்துக்கு அபார்ட்மெண்ட்காரர்கள், கிளப்புகள். நிச்சயம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம். எங்கள் பக்கம் ஆனைமலை ரோட்டில் தென்னந்தோப்புக்குள் தங்கும் இடங்கள் நிறைய வந்துவிட்டன, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் மெதுவாக வாசிக்க ஆள் கேட்கிறார்கள். சித்தூர் கொங்கன்படை, நெம்மாறை வேலா மாதிரி திருவிழா நடக்கிற நாளில் மட்டும் மேடைக்கு ஆசைப்படாதீர்கள். செண்டைக்கும் வெடிக்கும் முன்னால் எந்தப் பாக்ஸும் நிற்காது. ஆனால் அந்த நாட்களில் வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்திருக்கும், பகலில் வீட்டு முற்றத்தில் வாசிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

பாட்டுப் பட்டியல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழா மலையாளமா என்று குழம்புகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், உங்களுக்கு அந்தக் குழப்பமே தேவையில்லை. எம். எஸ். விஸ்வநாதன் பிறந்தது எலப்புள்ளியில், உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம். பாடகி பி. லீலா சித்தூர்க்காரர். இரண்டு பேரும் இரண்டு மொழியிலும் வேலை செய்தவர்கள். அவர்கள் பாட்டாகவே இருபது நிமிடம், ஒரு தமிழ் ஒரு மலையாளம் என்று மாற்றி மாற்றி, நடுவில் "இவர் நம்ம ஊர்க்காரர்" என்று இரண்டே வரி பேசிப் பாடினால், பார்டருக்கு எந்தப் பக்கமும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எழுந்து போக மாட்டார்கள். பணம் கொடுக்கிறவர்களும் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்தான்.

இனி பணம். பிரியாணி சம்பளம் இல்லை. அந்த முதலாளி ஏமாற்றினார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், நீங்கள் தொகை பேசாமல் போனீர்கள், அவர் தொகை கொடுக்காமல் அனுப்பினார். நாலு பேருக்கும் தலைக்கு ஒரு நாள் சம்பளம் என்று ஒன்றை நீங்களே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் ஒரு எலக்ட்ரீஷியன் ஒரு நாளைக்கு என்ன வாங்குகிறாரோ அதற்குக் கீழே போக வேண்டாம். அதோடு வண்டி வாடகை, அப்புறம் தந்தி, கேபிள், ரிப்பேர் என்று பேண்டுக்காக ஐந்தாவது பங்கு ஒன்று. அந்த ஐந்தாவது பங்கை யாரும் தொடக்கூடாது, நாளைக்கு ஆம்ப் வாங்குவது அதிலிருந்துதான், அம்மா வளையலிலிருந்து இல்லை. பேசி முடித்ததும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்: என்ன தேதி, எத்தனை மணிக்கு வருவோம், எத்தனை மணிக்கு முடிப்போம், 45 நிமிடமாக இரண்டு தடவை, நடுவில் கால் மணி ஓய்வு, பாக்ஸ் யாருடையது, எங்கே உட்காருவோம், மொத்தம் எவ்வளவு, பாதி அட்வான்ஸ் எப்போது. அவர் "ஓகே" என்று பதில் போடுகிற வரைக்கும் தேதியைக் குறிக்காதீர்கள். இலவசமாக வாசிக்கத் தோன்றினால் தாராளமாக வாசியுங்கள், ஆனால் எங்கே என்பதை நீங்கள் தேர்ந்தெடுங்கள். வாயனசாலைக்கு இலவசம், வியாபாரம் நடக்கிற இடத்துக்குக் காசு. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும், ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரைக்கும் கூடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மத்திய அரசுடையவை, அதனால் பார்டருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அனுமதி வாங்குவது கூப்பிட்டவர் வேலை, வாங்கியாயிற்றா என்று கேட்பது உங்கள் வேலை. சினிமாப் பாட்டைப் பாடுகிறீர்கள் என்பதால் ஹோட்டல், காபி கடை மாதிரி இடங்களில் பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்களுக்காக உரிமைத் தொகை வாங்குகிற ஐபிஆர்எஸ் சங்கத்தின் லைசென்ஸ் எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கல்யாணமும் அதை ஒட்டிய விசேஷமும் என்றால் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவிலேயே விலக்கு கொடுத்திருக்கிறது, கவலை இல்லை.

வாங்கவே கூடாதா என்றால், வாங்குங்கள், வேறு சாமான். ஒரு நல்ல டைனமிக் மைக். கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவில் போடுகிற சின்னப் பெட்டியான டிஐ பாக்ஸ் ஒன்று, அது இருந்தால் இருபது மீட்டர் கேபிள் இழுத்தாலும் இரைச்சல் ஏறாது, 'ம்ம்ம்' என்று கரண்ட் முனகல் வந்தால் அதிலேயே கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், தட்டிப் பாருங்கள். முனகலை நிறுத்துகிறேன் என்று பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடுகிற ஆட்களை மண்டபங்களில் பார்ப்பீர்கள், அவர்கள் கொடுக்கிற எக்ஸ்டென்ஷனைத் தொடாதீர்கள். ஒரு கை கிட்டார் தந்தியில் இருக்க, உதடு மைக்கில் பட்டு ஷாக் அடித்து ஒரு பையன் பின்னால் விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் சொந்த எக்ஸ்டென்ஷன் போர்டு, எர்த்தோடு, உங்கள் பையிலேயே இருக்கட்டும். மைக்குக்கு ஸ்பாஞ்சு உறை இரண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியில் உறை போடாமல் பாடினால் பாட்டைவிடக் காற்றுதான் பாக்ஸில் கேட்கும். ஸ்டாண்டு காலில் ஒரு செங்கல்லும் வையுங்கள். பேட்டரி ஆம்ப் கடைசியில், ஐந்தாவது பங்கு சேர்ந்த பிறகு.

புல்லாங்குழல் இருப்பதால் இன்னொன்று. வெயிலில் தந்தி தளர்ந்து கிட்டார் சுருதி இறங்கும், அதே சூட்டில் குழலுக்குள் இருக்கிற காற்று சூடாகிச் சுருதி ஏறும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால் மத்தியான நிகழ்ச்சியில் மூன்றாவது பாட்டிலேயே பாடுகிற உங்களுக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் போய்விடும், உங்கள் குரலில்தான் குறை என்று வேறு நினைத்துக்கொள்வீர்கள். ஏசி ஹாலில் குழல் இறங்கும். குழலை முறுக்க முடியாது, அதனால் இடத்துக்குப் போய்க் கால் மணி ஊதிச் சூடாக்கிய பிறகு கிட்டாரைக் குழலுக்குச் சேருங்கள், போனில் இருக்கிற டியூனருக்கு வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு நிகழ்ச்சி எதுவும் இல்லை. காலை பத்து மணிக்கு நாலு பேரும் வாத்தியத்தோடு கடைக்கு வாருங்கள், பின்பக்கம் குடோனில் டேபிள் நாற்காலியெல்லாம் போட்டு ரெஸ்டாரண்ட் மாதிரியே அமைத்து வைக்கிறேன், எங்கே உட்கார்ந்தால் ஊளை வருகிறது, எங்கே வரவில்லை என்று நீங்களே நகர்ந்து நகர்ந்து பார்த்துக்கொள்ளலாம். ரப்பர் மூடி என்னிடம் இரண்டு அளவில் இருக்கிறது, பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். குழல் வாசிக்கிற தம்பியிடம் எல்லாச் சுருதிக் குழலையும் எடுத்து வரச் சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டி வாருங்கள், கேட்பதற்கு ஒரு ஆள் எதிரில் உட்கார வேண்டுமே.